மேஸ்திரி கை காட்டும்வரை

இடது ஷூ ஏற்கெனவே காலில் இருந்தது. வலது ஷூதான் நுழைய மறுத்தது.

அவன் கட்டிலின் கால்மாட்டில் மண்டி போட்டு உட்கார்ந்து, நாடாவை நாலு கண்ணிவரை தளர்த்தி மறுபடியும் முயன்றான். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த துறைமுக ஷூ. ஒரு ஷூ மட்டுமே ஒரு கிலோ தேறும். உள்ளே போகவேண்டிய பாதமோ விறைத்துப்போய், ‘எனக்கென்ன அவசரம்’ என்பதுபோல் கூரையைப் பார்த்து நின்றது.

“நாடாவை முழுசா உருவிடுங்க தம்பி,” என்றார் துறைமுகத்திலிருந்து வந்திருந்த கிரேன்காரர். “குதிகாலை நான் பிடிச்சுக்கறேன். மெதுவா... மெதுவா...”

“ஷூவை விட்டுடலாமேப்பா,” என்றார் வாசலில் நின்ற மனைவியின் பெரியப்பா. “போற இடத்துல கல்லா, முள்ளா?”

“ஒத்தக்கால் ஷூவோட அவன் எங்கயும் போனதில்லைங்க,” என்றார் கிரேன்காரர், திரும்பிப் பார்க்காமலே.

ஒரு வழியாகப் பாதம் இறங்கியது. அவன் நாடாவைக் கோத்து இழுத்துப் பூ முடிச்சுப் போட்டான்.

கட்டிலில் கிடந்தவர் அவன் மனைவியின் அண்ணன். நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், “எனக்குக் கை காட்டத்தான் தெரியும், கை பிடிக்கத் தெரியாது” என்று சொல்லிச் சிரிப்பார். இன்று காலை ஆறு மணி வாக்கில் நாற்காலியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கட்டியிருக்கிறார். வலது ஷூவை எடுத்து மடியில் வைத்திருக்கிறார். அவ்வளவுதான். கதவு திறந்து கிடக்கிறதே என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தபோது, ஷூ மடியிலேயே இருந்ததாம். டாக்டர் வந்தார், மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

“சனிக்கிழமையும் அதுவுமா, விடிஞ்சும் விடியாம எங்க கிளம்பினான்?” என்றார் பெரியப்பா.

“ஓவர்டைம்னு சொன்னான்.” சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவியின் குரல் கம்மியிருந்தது. “வியாழக்கிழமை போன் பண்ணான். இந்த வாரமும் அடுத்த வாரமும் வீட்டுக்கு வர முடியாது, ஓவர்டைம் இருக்குன்னான்.”

கிரேன்காரர் நிமிர்ந்தார். “ஓவர்டைமா? துறைமுகத்துல கப்பலே இல்லையேம்மா. திங்கட்கிழமைதான் அடுத்த கப்பல்.”

அவன், கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

மச்சான் எங்கே கிளம்பினார் என்பது அவனுக்கும் தெரியாது. எங்கே வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது என்பது மட்டும் தெரியும். சொன்னது அவன்தான்.

*

அவனுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பேர் அவன் குரலைக் கேட்டு நடைமேடை மாறுவார்கள். ‘மூன்றாவது’ என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டமே படியேறி இறங்கும். அப்படிப்பட்ட குரலுக்கு, வீட்டில் ஒரு சின்னப்பிள்ளை தலையைக்கூடத் திருப்புவதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், விமானத்தில் பதினோரு மணி நேரம் போய்த் தத்தெடுத்து வந்த பிள்ளை. அங்கே அவள் இருந்த காப்பகத்தில் எழுபது குழந்தைகளுக்கு ஆறு ஆயா. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்பதை ஒரு வயதுக்குள்ளேயே கற்றுக்கொண்டிருந்தாள். அதனால் அழமாட்டாள். தூக்கச் சொல்லிக் கை நீட்டமாட்டாள். நாமாகப் போய்த் தூக்கினால் பலகைபோல விறைத்துக்கொள்வாள். அந்த நாட்டுப் பேச்சில் ஐந்தாறு சொல் வைத்திருந்தாள். முதல் வாரம் அவற்றைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒருவருக்கும் புரியவில்லை. செல்லாத காசை முடிந்துவைப்பதுபோல் வாயை மூடிக்கொண்டாள்.

பாஸ்போர்ட்டில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாலு பேர் சொன்னால் நாலு விதமாக வரும். அவன் அதை மைக்கில் சொல்வதுபோல் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிக் கூப்பிடுவான். அவள் சுவரில் போகும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது சனிக்கிழமை மச்சான் வந்தார். வந்தவர் ‘தங்கம்’ என்றும் சொல்லவில்லை, ‘செல்லம்’ என்றும் சொல்லவில்லை. கூடத்து நடுவில் கரடிப் பொம்மையை வைத்தார். எட்ட நின்று, ஆள்காட்டி விரலை வானத்துக்குக் காட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். பிறகு தானே ‘கிர்ர்ர்’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டு, மறு கையால் கரடியின் காதைப் பிடித்து மேலே தூக்கினார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சத்தம் நின்றது, கரடி அந்தரத்தில் தொங்கியது. விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டார். கரடி இறங்கியது. இரண்டு கையையும் மார்பின்மேல் கோத்துக்கொண்டார். வேலை முடிந்தது.

துறைமுகத்தில் அவர் வேலையே அதுதான். எழுபது அடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் கிரேன்காரருக்குக் கீழே சரக்கின் அடி தெரியாது. இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. தளத்தில் நிற்கிறவர் கை காட்டினால்தான் தூக்குவார், இறக்குவார்.

மூன்றாவது தடவை கரடியைத் தூக்கப்போனபோது மச்சான் கை காட்டவில்லை; சும்மா நின்றார். ஒரு நிமிஷம் போயிற்று. சோபாவின் பின்னாலிருந்து ஒரு சின்ன விரல் மேலே எழுந்து வட்டம் போட்டது.

“கிர்ர்ர்!” என்று தூக்கினார் மச்சான்.

“பாத்தியா, பாத்தியா!” என்று அவன் சத்தம் போட்டான்.

“உஷ்! கூச்சல் போடாதீங்க மாப்பிள்ளை. மேஸ்திரி வேலையில இருக்காங்க.”

அன்றிலிருந்து அவள் மேஸ்திரி. பாஸ்போர்ட்டுப் பெயர் பாஸ்போர்ட்டிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வாராவாரம் திருவிழாதான். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மச்சான் வந்து இறங்குவார். மேஸ்திரி ஏழு மணிக்கே ஜன்னலோரம் பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பாள். அது, ‘வேலை ஆரம்பம்’. மச்சான் தெருவிலேயே பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டிப் பதில் கொடுப்பார். பால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்.

தலையணை ஏறும். வெங்காயக் கூடை ஏறும். அழுக்குத் துணிமூட்டை சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஆகாய மார்க்கமாக வந்து சேரும். நடுநடுவே மச்சான் வேண்டுமென்றே தப்புச் செய்வார். ‘இறக்கு’ என்றால் ஏற்றுவார். கரடியைக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளிக்குள் இறக்குவார். அப்படி ஒரு தப்பில்தான் மேஸ்திரி முதன்முதலாகச் சிரித்தாள். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த மனைவி, கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்று அழுதாள்.

கடைசிச் சரக்கு எப்போதும் மேஸ்திரிதான். முக்காலிமேல் நின்றுகொண்டு, தன்னையே காட்டி, விரலை மேலே சுழற்றுவாள். மச்சான் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். முகத்துக்கு நேராக வந்ததும் உள்ளங்கையைக் காட்டிவிடுவாள். நிறுத்து. பிறகு நிதானமாகக் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பாள். மின்விசிறியைப் பார்ப்பாள். மச்சானின் வழுக்கையை ஆராய்வாள். அவர் கை நடுங்க அப்படியே நிற்பார்.

“இறக்கி விடுங்க மச்சான், தோள்பட்டை கழண்டுடும்.”

“நான் எப்படி இறக்கறது? நிறுத்தினவங்கதான் விடணும்.”

“இது விளையாட்டு மச்சான்.”

“விளையாட்டா? மாப்பிள்ளை, ஏத்து, இறக்கு எல்லாம் நான் காட்டினாத்தான் கிரேன் கேட்கும். ‘நிறுத்து’ மட்டும் யார் காட்டினாலும் கேட்டாகணும். கணக்குப்பிள்ளை காட்டினாலும் நிறுத்தணும், டீக்காரர் காட்டினாலும் நிறுத்தணும். நாய் வந்து காலைத் தூக்கினாக்கூட நிறுத்திட்டு, அப்புறம்தான் எதுக்குத் தூக்குச்சுன்னு விசாரிக்கணும். காட்டினவங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதோ, மேல இருக்கறவனுக்கு என்ன தெரியும்?”

மனைவி தேநீர் டம்ளரை எடுத்துவந்து அண்ணன் வாயில் வைத்து ஊட்டிவிடுவாள். மேஸ்திரி அதையும் மேலிருந்து மேற்பார்வை பார்ப்பாள்.

அவன் மட்டும் கைவேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. “நான் பேசிப் பிழைக்கறவன்” என்று சொல்லிவிட்டான். வேலை விட்டு வந்ததும் இரண்டு கையையும் விரித்து, “வாடா, அப்பாகிட்ட வாடா” என்பான். மேஸ்திரி அந்தக் கைகளை, பழுதாகி நிற்கும் கிரேனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அப்பால் போவாள். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவனிடம் விரலைச் சுழற்றியதில்லை. திங்கள் முதல் வெள்ளிவரை குளிப்பாட்டுவது அவன், ஊட்டுவது அவன், காய்ச்சலில் மடியில் போட்டு உட்கார்ந்திருப்பது அவன். சனிக்கிழமை வந்தால் எல்லாம் வருகிற விருந்தாளிக்கு.

போன வாரம் குழந்தைகள் டாக்டர், “பேச்சு வரவேண்டிய வயசு. வீட்டுல எல்லாரும் நிறையப் பேச்சுக் கொடுங்க” என்று மட்டும்தான் சொன்னார். அந்தத் துரும்பு அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மச்சான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி உள்ளே ஜன்னல் முக்காலியில். அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

“மச்சான், ஒரு ரெண்டு சனி ஞாயிறு நீங்க வராம இருந்தா நல்லது. கையைப் பாத்துப் பாத்து அவ வாயையே திறக்க மாட்டேங்கறா. டாக்டரும் சொல்லிட்டார்.”

சொல்லும்போது குரல் நிலையக் குரலாக இருந்தது. வருத்தம் தெரிவிக்கும், ஆனால் வருந்தாத குரல்.

மச்சான் குனிந்தபடியே நாடாவை இழுத்துக் கட்டினார். நிமிர்ந்தபோது சிரித்தார். “அதுக்கென்ன மாப்பிள்ளை. வண்டி காலவரையின்றித் தாமதம்னு அறிவிச்சுடுங்க.”

தெருவில் இறங்கித் திரும்பினார். ஜன்னலில் மேஸ்திரி காத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தில் நின்று அவர் மார்பின்மேல் கைகளைக் கோத்துக் காட்டுவார். அவளும் கோத்துக் காட்டுவாள். அப்புறம்தான் முக்காலியைவிட்டு இறங்குவாள். மச்சானின் கைகள் பாதிவரை எழுந்தன. வாசலில் நின்ற அவனைப் பார்த்தார். கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த வாரம் முழுக்க மேஸ்திரி ஜன்னலிலேயே நின்றாள். அவளைப் பொறுத்தவரை போன ஞாயிற்றுக்கிழமை வேலை இன்னும் முடியவில்லை. இன்று காலையும் ஏழு மணிக்கு முக்காலியில் ஏறி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். ஏழரைக்குப் போன் வந்தது.

*

தையல்காரம்மா ஒரு துணிப்பையோடு படியேறி வந்தார். ஒரு கையில் மேஸ்திரியைப் பிடித்திருந்தார். வந்து சேர்ந்ததிலிருந்து பிள்ளை அவர் வீட்டில்தான் இருந்தாள்.

“இதை யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியலை,” என்றார் மனைவியைப் பார்த்து. “நாற்காலி பக்கத்துல தரையில கிடந்தது. காலையில பதட்டத்துல கீழ எடுத்துட்டுப் போயிட்டேன்.”

பைக்குள் பச்சை ஜாக்கெட் ஒன்று இருந்தது. ஒரு முழம்கூட இருக்காது. குறுக்கே இரண்டு வெள்ளிப் பட்டை.

கிரேன்காரர் கையை நீட்டி வாங்கினார். விரித்துப் பார்த்தார். “இவன் பழைய ஜாக்கெட்டை வெட்டினது,” என்றார். “எங்களுக்கெல்லாம் ஆரஞ்சு. கை காட்டறவனுக்கு மட்டும் பச்சை. மேல இருந்து பாக்கறப்ப யாரைப் பாக்கணும்னு குழம்பக்கூடாது இல்ல, அதுக்கு.”

“நான்தாம்மா தச்சுக் கொடுத்தேன்,” என்றார் தையல்காரம்மா. “அடுத்த வாரம் தரேன்னேன். முடியாது, நாளைக்கு முதல் பஸ்ல கிளம்பணும்னார். நேத்து சாயங்காலம் மெஷின் பக்கத்துலயே நின்னு வாங்கிட்டுப் போனார். ‘வாசல்ல நின்னு கொடுத்துட்டு, ஒரே ஒரு கணக்கு பாக்கி இருக்கு, அதை முடிச்சுட்டு அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்’னார். என்ன கணக்கோ, எனக்குத் தெரியலை.”

மனைவி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் எழுந்து ஜன்னலிடம் போனான். கீழே தெருவில் இரண்டு பேர் வண்டியிலிருந்து சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முன்னால் இழுக்க, ஒருவன் பின்னால் தள்ள, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மச்சான் பார்த்திருந்தால் மூக்குமேல் கோபம் வந்திருக்கும்.

திரும்பியபோது மனைவி பிள்ளைக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டிருந்தாள்.

“இந்த நேரத்துல எதுக்கும்மா அது?” என்றார் பெரியப்பா.

“அவ பேருக்கு வந்தது பெரியப்பா. போட்டுக்கட்டும்.”

மேஸ்திரி கட்டிலருகே போனாள். மாமாவின் கண்கள் மூடியிருப்பதைப் பார்த்தாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். வேலை ஆரம்பம். பொறுத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அகலமாக நீட்டினாள். மாமா உடம்பின் பக்கத்தில் நேராகக் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டான்.

*

நாலு மணிக்கு எடுத்தார்கள். கல்லறைத் தோட்டம் துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு சும்மா நிற்பது தெரியும். கப்பல் இல்லாத நாள். துறைமுகத்து ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

குழிமேல் குறுக்கே போட்ட இரண்டு கட்டைகளில் பெட்டியை வைத்தார்கள். கீழே இரண்டு கயிறு. கயிற்றைப் பிடிக்க நாலு பேர்: கிரேன்காரரும் கூட்டாளிகள் மூவரும். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவரவர் மூலையில் போய் நின்றார்கள். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நாலு பேரும் நிமிர்ந்து, குழியின் கால்மாட்டில் ஓரிடத்தைப் பார்த்தார்கள். அது வெறுமையாக இருந்தது. ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“ம்,” என்றார் கிரேன்காரர்.

கட்டைகளை உருவினார்கள். பெட்டி கயிற்றில் தொங்கியது. ஒரு சாண் இறங்கியது. தலைமாட்டுக் கயிறு சற்று வேகமாக நழுவியதில் பெட்டி சாய்ந்தது. மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் பிடியிலிருந்து நழுவிய மேஸ்திரி இரண்டடி முன்னால் வந்தாள். நாலு பேரும் பார்த்துவிட்டுத் தலைகுனிந்த அதே வெற்றிடத்தில் நின்று, வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

நிறுத்து.

நாலு பேரும் நின்றுவிட்டார்கள். யோசித்து நின்றதல்ல. பச்சை ஜாக்கெட், உயர்ந்த கை. பதினெட்டு வருஷப் பழக்கம் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டது.

கயிறு முனகியது.

“என்னப்பா?” என்றார் பெரியப்பா. “குழந்தை என்னமோ கையைத் தூக்குது. இறக்குங்க.”

“மேஸ்திரி நிறுத்தியிருக்காங்க,” என்றார் கிரேன்காரர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“அது சின்னப்பிள்ளைப்பா!”

“நிறுத்தினவங்கதான் விடணும்ங்க.”

பெரியப்பா மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கயிறு பிடித்த நாலு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் நாலு பேர் கையில். எவ்வளவு நேரம் தாங்கும்?

மனைவி அவனைப் பார்த்தாள். “என்னங்க...”

அவன் போய்ப் பிள்ளைக்கு எதிரே மண்டி போட்டான். “கண்ணா,” என்றான். “மாமா தூங்கறார்டா. மாமாவை...” நாற்பதாயிரம் பேரை நடைமேடை மாற்றும் குரல் அது. மேஸ்திரி அவனைத் தாண்டிப் பெட்டியையே பார்த்தாள். உள்ளங்கை இறங்கவில்லை.

அவன் பேச்சை நிறுத்தினான். வலது கையைக் கீழே நீட்டி, ஆள்காட்டி விரலைத் தரையைப் பார்த்துச் சுழற்றினான். இறக்கு. எட்டு மாதம் கற்றுக்கொள்ளமாட்டேன் என்று முரண்டுபிடித்தவனுக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்தது. இடது கையை விரித்து வலது கைக்கு மேலே ஒரு கூரைபோலப் பிடித்தான். மெதுவாக.

மேஸ்திரியின் பார்வை திரும்பியது. முகத்துக்கு அல்ல, கைகளுக்கு. வெகுநேரம் பார்த்தாள். பிறகு, உயர்த்திய வலது கையை இறக்காமலே, இடது கையால் அவனுடைய இடது கையைப் பிடித்தாள். கூரை மிக உயரத்தில் இருந்தது. அதை அழுத்தி, அவன் வலது கையை ஒட்டினாற்போல் வைத்தாள். இன்னும் மெதுவாக.

அவளாக அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அவன் அப்படியே காட்டினான்.

மேஸ்திரி பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள். உள்ளங்கையை மடக்கினாள். சின்ன விரல் தரையைக் காட்டிச் சுழன்றது. அதன்மேல் சின்னக் கூரை. நாலு பேரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே கயிற்றை விட்டார்கள். பெட்டி நேரானது. ஒரு மூலை உயரவில்லை, ஒரு மூலை தாழவில்லை. நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல் மண்ணைத் தொட்டது.

மேஸ்திரி இரண்டு கையையும் மார்பின்மேல் கோத்துக்கொண்டாள்.

கிரேன்காரர் கயிற்றைக் கீழே போட்டார். தோல் உரிந்திருந்த கைகளை மார்பின்மேல் கோத்து அவளுக்குக் காட்டினார். கூட்டாளிகளும் காட்டினார்கள். அப்புறம்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேட்டின் ஓரமாக நடந்துபோனார்.

*

வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. காலையில் போட்டது போட்டபடி கிடந்தது. ஜன்னலோரம் முக்காலி. மேசைமேல் அரை டம்ளர் பால், மேலே ஆடை படிந்து.

மனைவி சமையலறைத் தொட்டியில் டம்ளரைக் கழுவினாள். அவன் போய் வாசற்படியில் நின்றான்.

“போன ஞாயித்துக்கிழமை...” என்று ஆரம்பித்தான்.

“எனக்குத் தெரியும்.”

“இல்லை, நான் மச்சான்கிட்ட...”

“இந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது.” அவள் திரும்பவில்லை. குழாயை மூடினாள். மறுபடி திறந்தாள். “நீங்க சொன்னதும் கேட்டுச்சு, அவன் சிரிச்சதும் கேட்டுச்சு. நானும்தான் வெளிய வரலை. டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். போன்ல ஓவர்டைம்னு சொல்றப்ப ரெண்டு தடவை இருமினான். பொய் சொன்னா அவனுக்குச் சின்ன வயசுலேருந்து இருமல் வரும். ‘சரிண்ணா’ன்னு போனை வெச்சுட்டேன்.”

சுத்தமாகிவிட்ட டம்ளரை அவள் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் போய்ப் பார்த்தான். மேஸ்திரி அதைக் கூடத்து நடுவுக்கு இழுத்துவந்து மேலே ஏறி நின்றாள். பச்சை ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. முழங்காலில் கல்லறைத் தோட்டத்துச் செம்மண்.

அவனைப் பார்த்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். விரலை மேலே உயர்த்தி ஒரு வட்டம் போட்டாள்.

அவன் பக்கத்தில் போனான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். கிர்ர் என்று சத்தம் கொடுக்க அவனுக்கு வரவில்லை. அவள் உடம்பு விறைக்கவில்லை. துணிமூட்டைபோலத் தொய்வாகக் கனத்தது. முகத்துக்கு நேராக வந்ததும் உள்ளங்கையைக் காட்டினாள்.

அவன் நின்றான்.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. பஸ் ஒன்று வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. அது மறையும்வரை பார்த்தாள்.

அவன் தோள்பட்டை வலித்தது. பிறகு முழங்கை. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து கூடத்து விளக்கைப் போட்டாள். இருவரையும் பார்த்தாள். சத்தம் போடாமல் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் இறக்கவில்லை.